விருப்பமில்லையா என்று கேட்டேன்

நான் அஞ்சலின், வீட்டில் அஞ்சு. பல் துப்புரவாக்குகிறவள். சுவிஸில், பீல் நகரத்தில், ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் ஒரு பல் மருத்துவரிடம் வேலை. நாள் முழுதும் பிறருடைய வாய்க்குள் கையை வைத்துக்கொண்டு நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நோகிறதா? நொந்தால் ஓம் என்று தலையாட்ட வேண்டும். நோகாவிட்டால் இல்லை என்று ஆட்ட வேண்டும். சிலபேர் இரண்டுமில்லாமல் ‘அவ்வளவு மோசமில்லை’ என்று முனகுவார்கள். அவர்களைக் கதிரையோடு சேர்த்துக் குலுக்கவேண்டும் போல் எனக்கு வரும். வாய் இருக்கிறது, திறந்துதான் இருக்கிறது, அதால் ஒரு நேரான பதில் சொன்னால் என்ன?

இப்படிப்பட்ட எனக்கு வாய்த்தவன் ஹாவ்ரான். ஷங்காய்க்காரன். பேர்ணில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறான். என்ன ஆய்வு என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் சிரித்து முடித்து, பல்லைக் கடிக்கிற கட்டத்துக்கு வந்துவிட்டேன். சீன மக்கள் சமூக வலைத்தளங்களில் எழுதுகிற பதிவுகளை இலட்சக்கணக்கில் சேர்த்துவைத்து, அதில் ‘இல்லை’, ‘அல்ல’, ‘வேண்டாம்’ போன்ற எதிர்மறைச் சொல் வந்தால் உணர்ச்சி என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் அவனுடைய வேலை. சந்தோஷத்துக்கு முன்னால் ஒரு ‘இல்லை’ போட்டால் அது கவலையாகிறதா, கோபமாகிறதா? கவலைக்கு முன்னால் ஒரு ‘இல்லை’ போட்டால் அது சந்தோஷமாகிறதா? ஆகாதாம். ‘எனக்குக் கவலை இல்லை’ என்று எழுதுகிறவருக்கு அனேகமாகக் கவலைதானாம். கணினிக்கு இதை விளங்கப்படுத்துவதுதான் கஷ்டமாம்.

“இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு வருடமும் ஒரு கணினியும் வேண்டுமா? எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவோடு ஒரு பகல் இருந்தால் போதாதா?” என்று ஒருநாள் கேட்டேன். அவன் அதை நல்ல யோசனை என்று எடுத்துக்கொண்டு, எப்போது வரலாம் என்று கேட்டான். அப்படி ஒரு மனிதன்.

நானும் அவனும் பேசிக்கொள்வது ஜேர்மன் மொழியில். அவனுக்குத் தமிழ் வராது, எனக்குச் சீனம் வராது. இங்கே எல்லாவற்றையும் தமிழில்தான் எழுதுகிறேன். ஓம் என்பதற்கு ஜேர்மனில் ‘யா’ என்பார்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றாமல் விடுகிறேன். என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது அதுதான்.

முதலில் நண்டைச் சொல்லவேண்டும். அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போன முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு அம்மா நண்டுக்கறி வைத்தார். அம்மாவின் பெயர் பெர்னடெற். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறார். அங்கே உப்பில்லாமல் சமைத்துச் சமைத்துச் சேர்ந்த ஆத்திரம் முழுவதையும் வீட்டுக் கறியில் கொட்டுவார். நாங்கள் மன்னார். நண்டு விஷயத்தில் அம்மாவிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை. ஹாவ்ரான் ஒரு காலைக் கடித்தான், சப்பினான், ஓட்டைத் தட்டின் ஓரத்தில் ஒழுங்காக வைத்தான். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்:

“பிழையில்லை.”

சீனத்தில் ‘பு ட்ஸுவோ’ என்று ஒரு சொல் இருக்கிறதாம். ‘பு’ என்றால் இல்லை, ‘ட்ஸுவோ’ என்றால் பிழை. ஒன்று நன்றாக இருக்கிறது என்று மனதாரப் பாராட்ட அவர்கள் அதைத்தான் சொல்வார்களாம். அவன் அதை அப்படியே ஜேர்மனுக்கு மாற்றி அம்மாவுக்கு முன்னால் வைத்துவிட்டான்.

“பிழையில்லையாமோ?” அம்மா என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார். “விடிய வெள்ளண எழும்பி, பாலைப் பிழிஞ்சு, கை முழுக்க நண்டு கீறிப்போட்டு நிக்கிறன். பிழையில்லையாம். நான் என்ன சோதினையே எழுதினனான், இவர் திருத்துறதுக்கு?”

அப்பா தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. “நல்லாயிருக்கெண்டுதான் பெடியன் சொல்லுறான், பெர்னடெற். நானும் அப்பிடித்தானே சொல்லுறனான்.”

“ஓம், கட்டின நாளிலயிருந்து சொல்லுறியள். எனக்கும் அண்டையிலயிருந்து கொதிச்சுக்கொண்டுதான் கிடக்கு.”

என்னுடைய பல் மருத்துவர் அசல் சுவிஸ்காரர். என் வேலையைப் பார்த்து அவர் இதுவரை தந்த அதியுயர்ந்த பாராட்டு ‘மோசமில்லை’ என்பது. ஆக இந்த விஷயத்தில் மூன்று சாதி சனமும் ஒரே அளவு கஞ்சத்தனம்தான். ஆனாலும் அடுத்த ஆள் சொன்னால் மட்டும் குத்துகிறது. இதை நான் அம்மாவிடம் சொல்லப்போய், அந்த ஞாயிறு முழுதும் பேச்சு வாங்கினேன்.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. ஹாவ்ரானின் அம்மா ஷங்காயில் தனியாக இருக்கிறார். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து கனகாலம். ஏரிக்கரையில் எடுத்த எங்கள் படம் ஒன்றைத் தங்கள் நாட்டுச் சமூக வலைத்தளமான வீசாற்றில் போட்டு, மேலே ஒரு வரி எழுதியிருந்தார். என் கைபேசி அதை மொழிபெயர்த்துக் காட்டியது: ‘மிகவும் அழகாக இருக்க வேண்டாம்.’ பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு நான் அதைத் தமிழில் சொல்லித் தொலைத்தேன்.

“என்ர பிள்ளையை வடிவாயிருக்க வேண்டாமெண்டு சொல்ல அவ ஆர்?” என்று அம்மா எழும்பிவிட்டார். “இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம், அஞ்சு. இப்பவே சொல்லிப்போட்டன்.”

ஹாவ்ரானிடம் கேட்டால் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். ஷங்காய்ப் பேச்சில் ‘வேண்டாம்’ போட்டால் அது எல்லை கடந்த அழகு என்று அர்த்தமாம். இதற்கு மேல் அழகாக இருந்தால் தாங்காது என்கிற மாதிரி. “பேசாமல் அழகு என்று எழுதினால் என்ன?” என்று கேட்டேன். “வெறும் அழகு எல்லோருக்கும் எழுதுவது. வேண்டாம் போட்டால்தான் மனதிலிருந்து வருகிறது” என்றான். நாங்களும் ‘கொஞ்சநஞ்ச வடிவில்லை’ என்று சொல்கிறோமே என்று பிறகு எனக்கே தோன்றியது. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. கொஞ்சநஞ்சமில்லை என்றால் நிறைய என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியுமாம். வேண்டாம் என்றால் வேண்டாம்தானாம்.

இவ்வளவு இழுபறிக்கும் நடுவில் எழுத்துக்கு நாள் எடுத்துவிட்டோம். எழுத்து என்று எங்கள் ஆட்கள் சொல்வது பதிவுத் திருமணத்தை. பீல் பதிவு அலுவலகத்தில், மே மாதக் கடைசி வெள்ளி. கோயிற் கலியாணம் பிறகு ஆறுதலாக. அம்மா ‘வேண்டாம், வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டே சீலைக்கு நிறம் பார்த்தார். அப்பா எழுத்துக்குப் போடக் கோட்டு எடுத்தார். எல்லாம் சரியாக நடக்கும் என்று நம்பத் தொடங்கிய நேரத்தில்தான் ஹாவ்ரான் ஒருநாள் சொன்னான்:

“ஷங்காயில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பிக்க வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.”

அவனுடைய பேர்ண் ஒப்பந்தம் இலையுதிர்காலத்தோடு முடிகிறது. அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். இங்கேயே வேறு ஏதாவது பார்ப்பதாகத்தான் எங்கள் பேச்சு இருந்தது.

“நீ என்ன சொன்னாய்?”

“இன்னும் பதில் எழுதவில்லை.”

“எழுதப் போகிறாயா?”

“எழுதாமல் விட முடியாது.”

பார்த்தீர்களா? போகப் போகிறேன் என்றால் சண்டை பிடிக்கலாம். போகமாட்டேன் என்றால் கட்டிப்பிடிக்கலாம். எழுதாமல் விட முடியாது என்கிறவனை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? அதற்குப் பிறகு அவன் வாய் இன்னும் சுருங்கிவிட்டது. சாப்பிடும்போது கைபேசியைப் பார்த்தான், பஸ்ஸில் பார்த்தான், என்னோடு ஏரிக்கரையில் நடக்கும்போதும் பார்த்தான். என்ன பார்க்கிறாய் என்றால் ‘ஒன்றுமில்லை.’ கவலையா என்றால் ‘இல்லை.’ எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இவன் கழன்றுகொள்ள வழி பார்க்கிறான், சொல்லத்தான் தெரியாமல் நிற்கிறான் என்று நினைத்தேன். எனக்கு முப்பத்தொரு வயது. இவனை நான் விரும்புகிறேன். மிகவும் விரும்புகிறேன். அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

ஒரு வியாழக்கிழமை மாலை, வேலை முடிந்து அவனைப் பேர்ண் ரயிலில் ஏற்றிவிடப் போனேன். ரயில் வந்து நின்றுவிட்டது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுமை விட்டுப்போய்விட்டது.

“ஹாவ்ரான், உனக்கு என்னைக் கட்ட விருப்பமில்லையா?”

அவன் ஒரு கணம் யோசித்தான். யோசித்துவிட்டு, மிகவும் தெளிவாக, மிகவும் கவனமாகச் சொன்னான்:

“யா.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். பல் தெரிய, நன்றாகச் சிரித்தான். சிரித்தபடி ரயிலில் ஏறி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையும் காட்டினான். விருப்பமில்லையா? ஓம். வேறு என்ன விளக்கம் வேண்டும்? ஓம், விருப்பமில்லை. நான் இவ்வளவு காலமும் கெஞ்சிக் கேட்ட நேரான பதில் ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. அதைச் சிரித்துக்கொண்டு வேறு சொல்லிவிட்டுப் போகிறான்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார், நான் அண்டைக்கே சொன்னனான் என்று தொடங்குவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“விருப்பமில்லையாமோ? ஏன், என்ர பிள்ளைக்கு என்ன குறை?”

“அம்மா, நீங்கள்தானே வேண்டாம் வேண்டாமெண்டு நிண்டனியள்?”

“நான் வேண்டாமெண்டு சொல்லுவன். நான் தாய். அவன் சொல்லேலுமோ?”

இரவுச் சாப்பாடு முழுக்க அம்மா அவனைத் திட்டினார். சிறிது நேரத்தில் ஹாவ்ரானிடமிருந்து செய்தி வந்தது. வீடு போய்ச் சேர்ந்துவிட்டானாம். நான் பதில் போடவில்லை. மறுநாள் ‘ஏதாவது பிரச்சினையா?’ என்று கேட்டிருந்தான். செய்வதையும் செய்துவிட்டுக் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். ‘ஒன்றுமில்லை. எல்லாம் சரி’ என்று எழுதி அனுப்பினேன். சனியும் போயிற்று, ஞாயிறும் போயிற்று. அவன் வரவுமில்லை, மறுபடி கேட்கவுமில்லை.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், எழுத்தை நிற்பாட்டுவோம் என்று பதிவு அலுவலகத்துக்கு அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். பெயரையும் திகதியையும் சொன்னேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தத் திகதி இனித் தேவைப்படாது என்றேன்.

“அப்படியானால் நீங்கள் திருமணம் செய்யவில்லை?” என்று அவர் கேட்டார்.

“யா,” என்றேன்.

“சரி, திகதி அப்படியே இருக்கட்டும்?”

“இல்லை, இல்லை. நீங்கள் கேட்டது சரி என்றுதான் சொன்னேன்.”

“மன்னிக்கவும், எனக்கு விளங்கவில்லை,” என்றார் அந்தப் பெண், மிகவும் பொறுமையாக. “யா, செய்கிறீர்களா? அல்லது யா, செய்யவில்லையா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள் நான். பள்ளிக்கூடம், தொழிற்படிப்பு எல்லாம் ஜேர்மனில். ஆனாலும் ஆத்திரம் வந்தால் என் ஜேர்மனுக்கு அடியில் தமிழ்தான் ஓடுகிறது. ‘நீ வரேல்லையோ’ என்று கேட்டால் ‘ஓம், வரேல்லை’ என்பது எங்கள் வழக்கம். கேட்டவருக்குத் தலையாட்டிவிட்டுத்தான் பதில் சொல்வோம். சுவிஸ்காரருக்கு அது குழப்பம். அவர்கள் இங்கே ‘நைன்’, அதாவது இல்லை, ‘செய்யவில்லை’ என்பார்கள். செய்வதாக இருந்தால் அதற்கென்றே ‘டொக்’ என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நீ இல்லையென்று நினைத்தது பிழை, ஓம்தான் என்று அதற்குப் பொருள். இந்த ஒரு இடத்துக்காகவே செய்துவைத்த சொல்.

அப்படியானால் ஹாவ்ரான் ரயிலடியில் சொன்ன யா எந்த ஊர் யா? என்னுடைய ஊர் யா என்றால் விருப்பமில்லை. சீனருக்கும் எங்களைப் போலத்தான் பழக்கம் என்று அவனே ஒருமுறை சொல்லியிருக்கிறான், அப்படிப் பார்த்தாலும் விருப்பமில்லை. ஆனால் ஆங்கிலத்து யெஸ்ஸை நினைத்துக்கொண்டு சொல்லியிருந்தால்? விருப்பம்! ஒரு எழுத்துச் சொல்லை வைத்துக்கொண்டு என் வாழ்க்கை அந்தரத்தில் தொங்குகிறது. ஆளைப் பிடித்து உலுப்பிக் கேட்டால்தான் உண்டு.

“நான் பிறகு எடுக்கிறேன்,” என்று சொல்லி வைத்துவிட்டேன். திகதி அப்படியே நின்றது.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், சமையலறை மேசையில் ஹாவ்ரான் இருக்கிறான். முன்னால் ஒரு தட்டு நிறையப் புட்டும் மீன்குழம்பும். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அப்பாவுக்கு மாலை வேலை, வீட்டில் இல்லை.

“உன் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார்,” என்றான் ஹாவ்ரான், புட்டு நிறைந்த வாயோடு.

அம்மா ஜேர்மனில் பேசினால் வசனம் மூன்று நான்கு சொல்லுக்கு மேல் போகாது, இலக்கணமும் கிடையாது. என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று பிறகுதான் தெரியவந்தது. “டு கொம்மன். ஹொய்ற்ற. எஸ்ஸன்.” நீ வா. இன்று. சாப்பாடு. அவ்வளவுதான். முனைவர் பட்ட மாணவன் அடுத்த ரயிலில் வந்துவிட்டான்.

நான் கைப்பையைக்கூட வைக்கவில்லை. “அன்றைக்கு ரயிலடியில் சொன்னாயே ஒரு யா, அது விருப்பம் என்ற யாவா, விருப்பமில்லை என்ற யாவா?”

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். முகத்தில் அந்த ஆராய்ச்சிக் களை வந்துவிட்டது. “விருப்பம் என்ற யா. சீனத்தில் என்றால் நான் இல்லை என்றுதான் தொடங்கியிருப்பேன். நீ நினைப்பது சரியில்லை, எனக்கு விருப்பம் என்று. ஆனால் ஐரோப்பியருக்கு அப்படிச் சொன்னால் தலைகீழாக விளங்கும் என்று படித்திருக்கிறேன். அதனால் யோசித்து, கவனமாக மாற்றி, யா என்றேன்.”

“நான் ஐரோப்பியர் இல்லை, ஹாவ்ரான்! நான் மன்னார்!”

கத்திவிட்டேன். அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பினார்.

“அதோடு ஜேர்மன்காரர்கூட அங்கே டொக் என்றுதான் சொல்லுவார்கள். உனக்கு டொக் தெரியாதா?”

“தெரியும். ‘வா டொக்’, ‘சாப்பிடு டொக்.’ சும்மா சேர்த்துக்கொள்கிற சொல் என்று நினைத்தேன்.”

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. எதிர்மறைச் சொல்லிலேயே பட்டம் எடுக்கப்போகிறவன், இருக்கிற ஊரின் எதிர்மறைக்குப் பதில் சொல்லத் தெரியாமல் என் நான்கு நாளைத் தின்றுவிட்டான்.

“சரி, பிறகு ஏன் நீ வரவில்லை? ஏன் கேட்கவில்லை?”

“கேட்டேனே. ஒன்றுமில்லை என்று நீ எழுதினாய்.”

“ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லையா? உன் ஆய்வு முழுக்க அதுதானே!”

“நீ சீனத்தில் எழுதியிருந்தால் ஒரு நொடியில் எனக்குத் தெரிந்திருக்கும்,” என்றான். “ஜேர்மனில் ஒன்றுமில்லை என்றால் உண்மையாகவே ஒன்றுமில்லை என்று நம்பினேன். நம்பத்தான் ஆசைப்பட்டேன்.”

அதை அவன் சொன்ன விதத்தில் என் ஆத்திரம் பாதி இறங்கிவிட்டது. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் இருந்தேன். விருப்பம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஷங்காய் இன்னும் அப்படியே கிடக்கிறது.

“அந்த வேலைக்கு என்ன பதில் எழுதினாய்?”

“அது ஒன்றும் அவசரம் இல்லை. இப்போது அதைப் பற்றிக் கதைக்கத் தேவை...”

“நிறுத்து.” நான் கையைக் காட்டினேன். “ஒரேயொரு வசனம். அதில் இல்லை வரக்கூடாது, வேண்டாம் வரக்கூடாது, தேவையில்லை வரக்கூடாது. உனக்கு என்ன வேண்டும்? அதை மட்டும் சொல்லு.”

அவன் கைபேசியை எடுத்து, அவனுடைய அம்மாவின் வீசாற் பக்கத்தைத் திறந்தான். இவ்வளவு நாளும் பஸ்ஸிலும் ஏரிக்கரையிலும் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். ஒவ்வொன்றாக எனக்கு மொழிபெயர்த்து வாசித்தான். ‘இன்றைக்குக் குளிர் இல்லை.’ ‘ஒரு ஆளுக்குச் சமைப்பது ஒன்றும் கரைச்சல் இல்லை.’ ‘படியில் தடுக்கியது பெரிய அடி இல்லை, யாரும் கவலைப்பட வேண்டாம்.’ பிறகு அவனுக்கென்று தனியாக வந்தவை. ‘வேலை இருந்தால் வரத் தேவையில்லை.’ ‘வரத் தேவையில்லை.’ ‘உண்மையாகவே வரத் தேவையில்லை.’

“குளிராதவர் குளிரவில்லை என்று ஏன் எழுதுகிறார்?” என்று கேட்டான். “இந்த மாதிரி வசனங்களை இலட்சக்கணக்கில் பார்த்துவிட்டேன், அஞ்சலின். யார் எழுதியிருந்தாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்லுவேன். இதை எழுதுவது என் அம்மா.”

“தம்பி என்னவாம்?” என்று அம்மா கேட்டார்.

நான் அந்த வரிகளைத் தமிழில் சொன்னேன். அம்மா அடுப்புப் பக்கமாகவே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“மனுசிக்குக் கால் ஏலாமல் கிடக்கு,” என்றார். “தனிய இருந்து பயப்பிடுறா. வேறென்ன?”

இலட்சக்கணக்கான பதிவும் வேண்டியிருக்கவில்லை, சீனமும் வேண்டியிருக்கவில்லை. நான் அதை ஹாவ்ரானுக்குச் சொல்லவில்லை. அம்மாவின் குரலிலேயே அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். அவன் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நான் கேட்ட வசனத்தைச் சொன்னான்.

“எனக்கு வீட்டுக்குப் போகவேண்டும். எனக்கு நீயும் வேண்டும்.”

ஒரு ‘இல்லை’ கிடையாது. ஒரு ‘வேண்டாம்’ கிடையாது. இவ்வளவு காலமும் நேராகச் சொல்லு, நேராகச் சொல்லு என்று இவனைப் போட்டு வறுத்தெடுத்தேன். நேராகச் சொன்னால் இவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது. விருப்பமில்லை என்று அவன் சொல்லியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இதற்கு யாரைத் திட்டுவது?

“நீ என்னோடு வருவாயா?” என்று கேட்டான். யாவும் நைனும் தவிர வேறு பதில் இல்லாத, பச்சைத் தண்ணீர் போன்ற கேள்வி. குழப்பவே முடியாதது.

எனக்கு முன்னால் அம்மாவின் முதுகு தெரிந்தது. பீல் எனக்குத் தெரியும், ஷங்காயில் ஒரு தெருவும் தெரியாது. அங்கே நான் பல் துப்புரவாக்க முடியுமா என்று தெரியாது. அந்த மொழியில் நோகிறதா என்று கேட்கக்கூட எனக்கு வராது. அம்மாவும் அப்பாவும் இங்கே வந்து இவ்வளவு பாடுபட்டது நான் இன்னொரு நாட்டுக்குப் போவதற்கா? ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா நிற்கிறார், வரவில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இவன் இருக்கிறான், அதுவும் வரவில்லை. கடைசியில் வந்தது தமிழில் வந்தது. யாரைப் பார்த்துச் சொன்னேன் என்றும் தெரியவில்லை.

“வரமாட்டன் எண்டு இல்லை.”

ஹாவ்ரானுக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் மேசையைப் பார்த்தேன். பிறகு அவன் அம்மாவைப் பார்த்தான்.

அம்மா அடுப்பை அணைத்தார். திரும்பி, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவனுக்குத் தன்னுடைய ஜேர்மனில் சொன்னார்:

“சீ கொம்மன்.” அவள் வருகிறாள்.

“அம்மா! நான் அப்பிடிச் சொல்லேல்லை.”

“அப்ப, வரமாட்டனெண்டு சொல்லு பாப்பம்.”

நான் சொல்லவில்லை. அம்மா ஒரு கதிரையை இழுத்து எங்களோடு இருந்து, ஹாவ்ரானின் தட்டில் இன்னும் கொஞ்சம் புட்டைப் போட்டார்.

“எப்ப போறியள்?” என்று கேட்டார்.